சீல் பிரிக்காத கேன்தானுங்களே... அப்புறம் என்ன பயம்?

"குழந்தைக்கு என்ன தண்ணி கொடுக்கறீங்க?"

போன சித்திரையில் எங்கள் எட்டு மாதப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி இது. இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. மகள் அழுதுகொண்டிருந்ததால் நான்தான் பதில் சொன்னேன்.

"கேன் தண்ணிதானுங்க டாக்டர். சுத்தமானது."

"காய்ச்சிக் கொடுத்தீங்களா?"

"கேன் தண்ணியை எதுக்குங்க காய்ச்சணும்?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. திட்டவில்லை. ஓ.ஆர்.எஸ். எழுதிக் கொடுத்துவிட்டு, "இனிமே எந்தத் தண்ணியா இருந்தாலும் குழந்தைக்குக் காய்ச்சுங்க" என்றார். பேத்தி மூன்றாம் நாள் தெளிந்து, நான்காம் நாள் பழையபடி வீட்டைப் புரட்டிப் போட ஆரம்பித்துவிட்டாள். எனக்குத்தான் தெளியவில்லை. பதினைந்து வருடமாகக் காசு கொடுத்து வாங்குகிற தண்ணீரைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று யோசித்தால், பூஜ்யம். கேன் போடுகிற தம்பியின் பெயர் தெரியும், விலை தெரியும். அவ்வளவுதான்.

சிறுவாணி ஊருக்குள் கேன் வந்த கதை

கோயமுத்தூர்க்காரர்கள் தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் கர்வம் பிடித்தவர்கள். உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் சிறுவாணி என்று பெருமை அடித்துக்கொள்வோம். அந்தப் போட்டியை நடத்தியது யார் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது! நான் பிறந்தது பேரூர் பக்கம். குழாயில் பிடித்த தண்ணீரை அப்படியே சொம்பில் மொண்டு குடித்து வளர்ந்தவள். சிறுவாணி அணை இருப்பது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். 1973ல் இரண்டு மாநிலங்களும் போட்ட ஒப்பந்தப்படி அங்கிருந்து மலையைக் கடந்து நமக்குத் தண்ணீர் வருகிறது. கல்யாணமாகி சரவணம்பட்டி பக்கம் வந்த பிறகுதான், தண்ணீரில் இரண்டு ஜாதி உண்டு என்பதே எனக்குத் தெரிந்தது: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி.

நல்ல தண்ணி என்றால் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர். பல வீதிகளில் அது தினமும் வராது. பத்து நாளைக்கு ஒரு முறை வந்த காலமும் உண்டு. உப்புத் தண்ணி என்றால் போர் தண்ணி. அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாகப் படியும். இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் கேன் நுழைந்தது. திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கத்துச் சொந்தங்களுக்குப் பிரச்சினை இதைவிடப் பெரிது. சாயக் கழிவு நொய்யலில் கலந்து, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே சாயத் தண்ணீரின் தேக்கமாகி, கடைசியில் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது ஊரறிந்த கதை. அந்தக் கிணறுகளைப் பார்த்தவர்களுக்கு "ஆர்.ஓ. தண்ணி" என்ற சொல் சாமி வாக்கு மாதிரி கேட்டதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் கேனுக்குள் இருப்பதும் பெரும்பாலும் நிலத்தடி நீர்தான். போர் தண்ணீரை எடுத்து, மணல் வடிகட்டியிலும் கரி வடிகட்டியிலும் விட்டு, நுண்வடிகட்டி வழியாக ஆர்.ஓ. சவ்வுக்குள் அழுத்தி உப்பைப் பிரித்து, புற ஊதா விளக்கைக் காட்டி, ஓசோன் கலந்து கேனில் நிரப்புகிறார்கள். ஒழுங்காகச் செய்தால் நல்ல முறைதான். உள்ளே எடுக்கிற தண்ணீரில் கணிசமான பங்கு கழிவு நீராக வெளியே போகும் என்பது தனிக் கவலை. அனுமதி இல்லாமல் நிலத்தடி நீரை உறிஞ்சும் ஆலைகளை மூடச் சொல்லி 2020ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும், கேன் உற்பத்தியாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் நினைவிருக்கும்.

இன்னொன்று. நாம் எல்லாவற்றையும் "மினரல் வாட்டர்" என்றே சொல்கிறோம். உண்மையில் மினரல் வாட்டர் என்பது ஊற்று போன்ற இயற்கை மூலத்திலிருந்து தாதுக்கள் மாறாமல் அடைத்தது. அதற்குரிய இந்தியத் தர எண் 13428. நம் வீட்டுக்கு வரும் கேனும், பேருந்து நிலையத்தில் வாங்கும் பாட்டிலும் அநேகமாக எல்லாமே "பேக்கேஜ்டு டிரிங்கிங் வாட்டர்". அதன் எண் 14543. லேபிளில் சிறிய எழுத்தில் அப்படித்தான் போட்டிருக்கும், பாருங்கள்.

கறுத்துப்போன டம்ளர்

டாக்டர் வீட்டுச் சம்பவத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் செய்த முதல் காரியம், டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்கியது. பேனா மாதிரி இருக்கும். தண்ணீரில் முக்கினால் எண் காட்டும். கேன் தண்ணீரில் 24 காட்டியது. போர் தண்ணீரில் 1,400. "பாத்தியா, கேன் தண்ணி எவ்வளவு சுத்தம்!" என்றார்.

அந்த மீட்டர் அளப்பது கரைந்திருக்கும் உப்புகளை மட்டும். அதையும் நேராக அளப்பதில்லை; தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. கிருமி இருந்தால் அதற்குத் தெரியாது. பூச்சிமருந்து தெரியாது. ஒரு சொம்பு சாக்கடைத் தண்ணீரை ஆர்.ஓ. தண்ணீரில் பத்துச் சொட்டு விட்டு முக்கினாலும் எண் பெரிதாக ஏறாது.

இதைவிட வேடிக்கை, வீடு வீடாக ஃபில்டர் விற்க வருபவர்கள் செய்து காட்டும் வித்தை. இரண்டு டம்ளர், ஒன்றில் நம் குழாய்த் தண்ணீர், ஒன்றில் அவர்களுடையது. இரண்டிலும் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுப்பார்கள். நம் தண்ணீர் பழுப்பாகி, பச்சையாகி, கறுத்து, மேலே நுரை கட்டும். "இதைத்தான் இத்தனை நாள் குடிச்சீங்க அக்கா!" என்பார்கள். என் பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டார். நடந்தது என்னவென்றால், கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்பு உள்ள தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாய்வதால் இரும்பு கரைந்து துருவாகிறது. அந்தக் கறுப்பு கம்பியிலிருந்து வந்தது, தண்ணீரிலிருந்து அல்ல. அவர்கள் டம்ளரில் உப்பே இல்லாததால் கரண்ட் பாயவில்லை, நிறமும் மாறவில்லை. அடுத்த முறை யாராவது வந்தால், அவர்களுடைய தண்ணீரில் ஒரு சிட்டிகைக் கல்லுப்பைப் போட்டுச் செய்யச் சொல்லுங்கள். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

சரி, 24 என்பது நல்லதா? அதிகமாக இருந்தால்தான் தப்பு என்று நினைத்திருந்தேன். அடைத்து விற்கும் குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 75 முதல் 500 மில்லிகிராம் வரை இருக்க வேண்டும் என்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அதிலும் கால்சியம் குறைந்தது 20, மெக்னீசியம் குறைந்தது 10 மில்லிகிராம். ஆர்.ஓ. எல்லாவற்றையும் உருவி எடுத்துவிடுவதால் இவற்றைத் திரும்பச் சேர்க்க வேண்டும். எங்கள் கேன்காரர் சேர்க்கவில்லை என்பதை அந்தப் பேனா சொல்லிவிட்டது. அதனால் உடனே எலும்பு உருகிவிடாது. பால், ராகி, கீரையில் கால்சியம் கிடைக்கிறது. ஆனால் ஒரு விதியை விட்டவர் இன்னொன்றையும் விட்டிருப்பாரோ என்ற சந்தேகம் வரத்தானே செய்யும்?

இரண்டு சோதனை, இரண்டு முடிவு

வீட்டில் இருந்த தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம். இதை எல்லாரும் செய்யலாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு. கட்டணம் கட்டி மாதிரியைக் கொடுக்கலாம். அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களும் கோவையில் இருக்கின்றன. கிருமிச் சோதனைக்கு அவர்கள் கொடுக்கும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். நல்லெண்ணத்தில் அந்தப் பாட்டிலைக் கழுவிவிடாதீர்கள். கையைச் சுத்தம் செய்து, மூடியின் உள்பக்கம் தொடாமல் பிடித்து, ஐஸ் வைத்த பையில் அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

முடிவு வந்தது. கோலிஃபார்ம் இருக்கிறது. தர விதிப்படி 250 மில்லி தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாத கிருமி. என் வீட்டுக்காரர் சண்டைக்குத் தயாராகிவிட்டார். கேன் போடும் தம்பி வந்ததும் தாளை நீட்டினார். அவன் படித்துப் பார்த்தானோ இல்லையோ, நிதானமாக ஒன்று கேட்டான்.

"ஏனுங்க்கா, தண்ணி எதுல புடிச்சீங்க? பம்புலயா?"

"ஆமா."

"அப்ப சீல் பிரிக்காத கேன்ல இருந்து நேரா புடிச்சுக் குடுத்துப் பாருங்க்கா. தப்பு எங்க மேலன்னா நான் இந்தப் பக்கமே வரமாட்டனுங்க."

எனக்குச் சுருக்கென்றது. கேன் மேல் வைத்து அமுக்குகிற அந்தக் கை பம்பை வாங்கி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஒரு கேன் தீர்ந்ததும் அடுத்ததில் செருகுவோம். கழுவியதாக நினைவே இல்லை. அன்றைக்கு அதன் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே வழவழவென்று ஒரு பாசிப் படலம். விரலில் தொட்டதும் ஒட்டியது. இந்தக் குழாய் வழியாக வந்த தண்ணீரில்தான் பேத்திக்குப் பால் பவுடரைக் கலக்கி இருக்கிறோம்.

இரண்டாவது மாதிரி, சீல் பிரித்த கையோடு கேனிலிருந்து நேராகப் பிடித்தது. கோலிஃபார்ம் இல்லை.

தம்பி ஜெயித்துவிட்டான் என்று சொல்ல மாட்டேன். கேனில் ஒட்டியிருந்த தாளில் தயாரித்த தேதி இல்லை, உரிம எண் பாதி அழிந்திருந்தது. ஒரு கேன் நன்றாக இருந்ததால் அடுத்த கேனும் அப்படியே இருக்கும் என்று அர்த்தமில்லை. ஆனால் பேத்தியின் வயிற்றைக் கெடுத்ததில் என் சமையலறைக்குத்தான் பெரிய பங்கு. சொல்ல வெட்கமாக இருக்கிறது. வேறு வீடுகளிலும் அந்தப் பம்பு நின்றுகொண்டிருக்கும் என்பதால் சொல்கிறேன். பிளாஸ்டிக் குழாயைக் கழற்றி வாரம் ஒரு முறை பிரஷ் போட்டுக் கழுவி, சுடுநீரில் அலசி, முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். பாசி பிடித்துவிட்டால் தூக்கி எறிந்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றிவைக்கும் மண்பானைக் குழாயும், பப்பிள் டாப் குழாயும் இதே கதைதான். கேனை வெயில் படும் பால்கனியில் வைத்தால் பச்சை பிடிக்கும். ஓசோனின் காவல் நிரப்பிய கொஞ்ச நேரத்துக்குத்தான். திறந்த கேனை மூன்று நான்கு நாளைக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

தாளைப் படிக்கக் கற்றுக்கொண்டோம்

எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் 14 இலக்கம். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டாவது, மூன்றாவது இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 24. அடுத்த இரண்டும் வழங்கிய ஆண்டு. ஆக, உள்ளூர் ஆலையின் எண் 12418 என்று ஆரம்பித்தால், 2018ல் தமிழ்நாட்டில் வாங்கிய உரிமம். பன்னிரண்டே இலக்கம் போட்டிருந்தாலோ, எண்ணே இல்லாவிட்டாலோ வாங்காதீர்கள். இருக்கிற எண்ணையும் ஆணையத்தின் இணையதளத்திலோ 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியிலோ போட்டால், அது உண்மையில் யாருடைய உரிமம், தண்ணீருக்குத்தான் வாங்கியதா என்று தெரிந்துவிடும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை 2001 முதல் கட்டாயமாக இருந்தது. 2024 அக்டோபரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. அதற்கடுத்த மாதமே, அடைத்து விற்கும் தண்ணீரை 'அதிக அபாயமுள்ள உணவு' பட்டியலில் சேர்த்து, ஆலைகளுக்கு ஆண்டுதோறும் ஆய்வும் வெளியார் தணிக்கையும் உண்டு என்றது. கட்டாயம் போனாலும் முத்திரை போடுபவர்கள் இருக்கிறார்கள். அப்படி இருந்தால் சி.எம்/எல் என்று தொடங்கும் எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் சரிபார்க்கலாம். இரண்டு கண் ஒரு பொருளைப் பார்ப்பது ஒரு கண் பார்ப்பதைவிட மேல் என்பது என் கட்சி. அதனால் முத்திரை உள்ளதையே நான் வாங்குகிறேன்.

விதி இருந்தால் போதுமா என்றால், அதற்கும் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 2003 பிப்ரவரியில் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம், டெல்லியில் 17, மும்பையில் 13 பிராண்டு பாட்டில்களைச் சோதித்து, அவற்றில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாக அறிவித்தது. லிண்டேன், டி.டி.டி., மாலத்தியான், குளோர்பைரிஃபாஸ்... வயலுக்கு அடிக்கிற பெயர்கள் எல்லாம். அப்போது விதி என்ன சொன்னது தெரியுமா? பூச்சிமருந்து 'கண்டறியும் அளவுக்குக் கீழே' இருக்க வேண்டும். கண்டறியும் முறையே மழுங்கலாக இருந்தால் எல்லாம் 'இல்லை' ஆகிவிடும் அல்லவா? அந்தப் புயலுக்குப் பிறகுதான் தனி மருந்து ஒவ்வொன்றும் லிட்டருக்கு 0.0001 மில்லிகிராம், மொத்தம் சேர்ந்து 0.0005 என்று எண் போட்டு எழுதினார்கள். 2004 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது.

பெரிய கம்பெனி என்றால் தப்பு வராது என்பதும் இல்லை. அதே 2004ல் இங்கிலாந்தில் கோக கோலா தன் 'டசானி' தண்ணீரை இறக்கிய சில வாரங்களிலேயே ஐந்து லட்சம் பாட்டிலைத் திரும்ப எடுக்க வேண்டி வந்தது. குழாய்த் தண்ணீரைச் சுத்திகரித்து, கால்சியம் சேர்த்து, ஓசோன் ஏற்றினார்கள். சேர்த்த கால்சியத்தோடு வந்த புரோமைடு ஓசோனோடு சேர்ந்து புரோமேட்டாகிவிட்டது. அது புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டக்கூடியது என்பதால் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. நம் நாட்டு வரம்பும் அதுவே. போர் தண்ணீரில் புரோமைடு இருக்கும் ஊர்களில், கை அளவுக்கு ஓசோன் விடுகிற சிறிய ஆலைகள் இதைக் கவனிக்கின்றனவா என்பது நாம் கேட்க வேண்டிய கேள்வி.

காரில் கிடந்த பாட்டில்

மகள் கேட்டது: "காரில் வெயிலில் கிடந்த பாட்டில் தண்ணி குடிச்சா கேன்சர் வருமாம், வாட்ஸ்அப்ல வந்துச்சும்மா." 2008ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் இதைச் சோதித்தார்கள். பெட் பாட்டிலிலிருந்து ஆன்டிமணி என்ற உலோகம் தண்ணீரில் இறங்குகிறது; சூடு ஏற ஏற வேகமாக இறங்குகிறது. ஆனால் 60 டிகிரியில் அந்நாட்டு வரம்பைத் தாண்ட 176 நாட்கள் ஆகும். 80 டிகிரியில் இரண்டு நாள் சொச்சம். ஒரு மத்தியானம் காரில் கிடந்த பாட்டிலுக்காகப் பயந்து நடுங்க வேண்டாம். கோடை முழுக்கக் கடை வாசலில் வெயிலில் அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளில் இருந்து வாங்காமல் இருந்தால் போதும்.

பிளாஸ்டிக் துகள் விஷயம் அவ்வளவு லேசாகத் தள்ளக்கூடியது இல்லை. 2024 ஜனவரியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரில் சராசரியாக 2,40,000 துகள்களை எண்ணினார்கள். பத்தில் ஒன்பது, கண்ணுக்கே தெரியாத நானோ அளவு. அவை உடம்புக்குள் என்ன செய்கின்றன என்ற ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. 20 லிட்டர் கேன்களில் கெட்டியானவை பல பாலிகார்பனேட். அடியில் முக்கோணத்துக்குள் 7 என்று இருக்கும். கீறல் விழுந்து, மங்கி, பழசாகிப் போன கேனிலிருந்து பி.பி.ஏ. என்ற வேதிப்பொருள் இறங்கும் வாய்ப்பு அதிகம். பால்புட்டிக்குக் கூடாது என்று விலக்கிய பிளாஸ்டிக் அது. மங்கின கேன் வந்தால் நான் இப்போது திருப்பி அனுப்பிவிடுகிறேன். தம்பிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

சந்தேகம் வந்தால் என்ன செய்யலாம்? உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322க்குப் படத்தோடு புகார் அனுப்பலாம். பலருக்குத் தெரியாத இன்னொரு வழி, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு. வாங்கும்போதே "இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, நாமே உணவுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். தரமில்லை என்று முடிவு வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் கோவையிலேயே இருக்கிறது.

வீட்டில் இப்போதைய ஏற்பாடு இது. நல்ல தண்ணி வரும் நாளில் பிடித்து மூடிவைத்து, காய்ச்சிக் குடிக்கிறோம். தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் நின்றால் கிருமிகள் போய்விடும். பத்து நிமிடம் எரிவாயுவைச் செலவழிக்க வேண்டியதில்லை. உப்பும் ரசாயனமும் கொதிக்க வைப்பதால் போகாது என்பதால் போர் தண்ணீரைக் குடிக்க எடுப்பதில்லை. பேத்தியின் பால் பவுடருக்குக் காய்ச்சிய தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுமுன் கலக்கி, பிறகு ஆறவைத்துக் கொடுக்கிறோம். நல்ல தண்ணி தீர்ந்த நாட்களுக்கு மட்டும் கேன்.

எண்பது தாண்டிய என் அத்தை இதையெல்லாம் பார்த்துவிட்டு, "நான் அன்னைக்கே சொன்னேன், காய்ச்சிக் குடு அம்மிணின்னு. கேனு வந்ததும் அடுப்பையே மறந்துட்டீங்க" என்றார். சொன்னார்தான். நாங்கள்தான் கேட்கவில்லை.

கேன் தம்பியிடம் முழு உரிம எண்ணும் தேதியும் உள்ள தாள் ஒட்டிய கேன்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். "ஓனரைக் கேட்டுச் சொல்றனுங்க்கா" என்று போனவன், போன வியாழக்கிழமை இரண்டு கேன் கொண்டுவந்தான். ஒன்றில் தேதி இருந்தது. இன்னொன்றில் இல்லை. இருந்ததை வாங்கிக்கொண்டு, இல்லாததைத் திருப்பி அனுப்பினேன்.